ஸ்பிரிண்ட் திட்டத்தைக் குழுவின் சொந்தக் கணக்கிலிருந்து போடுவது: முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரத்தில் ஆறு பேர் கொண்ட ஒரு சிறிய மென்பொருள் குழுவில் வேலை செய்கிறேன். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை மீன் வாங்கும் வியாபாரிகள் எடை, ஏலம், ஐஸ், படகுக்குக் கொடுத்த முன்பணம், பில் எல்லாவற்றையும் எங்கள் மென்பொருளில்தான் எழுதுகிறார்கள். எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது இன்னின்ன வேலை என்று முன்கூட்டியே எடுத்து முடிக்கப் பார்க்கும் ஒரு சுற்று.

திட்டக் கூட்டம் முன்பெல்லாம் ஒரே மாதிரி நடக்கும். "இந்தத் தடவை முடிச்சிரலாம்" என்று பதினான்கு டிக்கெட் எடுப்போம் (ஒரு வேலைக்கு ஒரு டிக்கெட்). எட்டோ ஒன்பதோ முடியும். மிச்சம் அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு நகரும். குழுவில் யாரும் வேலைக்குச் சளைத்தவர்கள் இல்லை. எவ்வளவு முடியும் என்பதை ஆசையை வைத்துச் சொன்னோம், அவ்வளவுதான்.

பிறகு எங்கள் பழைய ஸ்பிரிண்ட்களின் கணக்கை எடுத்து அதிலிருந்து திட்டம் போடத் தொடங்கினோம். இதே வேலையை வேறு இரண்டு குழுக்களின் புதிய லீடுகளோடு உட்கார்ந்தும் செய்திருக்கிறேன். இருவரும் தடுக்கியது ஒரே இடத்தில்: முதல் நாளே வரைபடம் போட்டார்கள். தேதிகள் சுத்தமாக இல்லாதபோது வரைபடம் பொய்யைத்தான் அழகாகக் காட்டும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் முறை முழுவதும் செய்ய இரண்டு, மூன்று நாள் ஆகும். அதன்பின் ஒரு ஸ்பிரிண்ட்டுக்கு அரை மணி நேரம் போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது ஆறு ஸ்பிரிண்ட்களின் டிக்கெட்கள். எட்டு இருந்தால் நல்லது. டிக்கெட்டைப் பதியும் கருவி ஜிரா, ட்ரெல்லோ, கிட்ஹப் எதுவானாலும் சரி, டிக்கெட் எந்தத் தேதியில் எந்த நிலைக்குப் போனது என்ற பதிவு இருக்க வேண்டும். ஒரு வருடக் கணக்கைத் தேடி அலைய வேண்டாம். ஆள் மாறியிருப்பார்கள், வேலையின் தன்மையும் மாறியிருக்கும்.

ஒரு கூகுள் ஷீட். தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

அந்த ஸ்பிரிண்ட்களில் யார் எத்தனை நாள் விடுப்பு என்ற பட்டியல்.

நான்காவதுதான் முக்கியம். இந்தக் கணக்கு யாருடைய சம்பள உயர்வுக்கும் பயன்படாது என்று மேலாளர் குழுவின் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைச் சொல்லத் தயாராக இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தன் பெயருக்கு எதிரே எண் ஏறுகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் டிக்கெட்டைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள், எஸ்டிமேட்டை ஊதிப் பெருக்குவார்கள், பக்கத்து நாற்காலிக்காரருக்கு உதவுவதை நிறுத்துவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கை வைத்து எதையும் திட்டமிட முடியாது.

1. ‘முடிந்தது’ என்றால் என்ன என்று ஒரே பொருளில் எழுதுங்கள்

"அண்ணே, பில் பிரின்ட் டிக்கெட் முடிஞ்சிருச்சு."

"டெஸ்டிங் பண்ணியாச்சா?"

"இல்லண்ணே, கோட் முடிஞ்சிருச்சு."

இந்தப் பேச்சு நடக்கும் குழுவில் முடிந்த தேதி என்ற ஒன்று இல்லை. ஒருவருக்குக் கோட் எழுதிய நாள், இன்னொருவருக்கு ரிவ்யூ (எழுதிய கோட்டை வேறொருவர் படித்துச் சரிபார்ப்பது) முடிந்த நாள், டெஸ்டருக்கு ரிலீஸ் ஆன, அதாவது வெளியே போன நாள். மூன்றையும் கலந்து எடுத்த சராசரியால் பயனில்லை.

நாங்கள் எழுதிக்கொண்டது இது: வியாபாரியின் கடையில் உள்ள கணினியில் அந்த மாற்றம் போய்ச் சேர்ந்திருந்தால் முடிந்தது. ‘தொடங்கியது’ என்பதற்கும் ஒரு வரி எழுதுங்கள். டிக்கெட் முதல்முறையாக ‘வேலை நடக்கிறது’ நிலைக்குப் போன நாள்தான் தொடக்கம். நடுவில் அதைத் திருப்பி வரிசையில் வைத்திருந்தாலும் தொடக்கத் தேதி மாறக்கூடாது. காத்திருந்த நாட்களும் தெரிந்தால்தான் பின்னால் நான்காவது படியைச் செய்ய முடியும்.

வழக்கமான தவறு: வரையறையைப் புதிதாக்கிவிட்டுப் பழைய ஸ்பிரிண்ட்களைப் பழைய பொருளிலேயே விட்டுவிடுவது. அப்போது வேகம் திடீரென்று குறைந்ததுபோல் தெரியும், மேலாளர் பதறுவார். பழைய டிக்கெட்களுக்கும் புதிய வரையறைப்படி தேதி போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரே ஒரு முறை.

2. பழைய கணக்கை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள்

ஷீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வரி. பத்திகள் இவை: டிக்கெட் எண், வகை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, முதலில் எடுத்த ஸ்பிரிண்ட், முடிந்த ஸ்பிரிண்ட், திட்டத்தில் இருந்ததா நடுவில் வந்ததா, தொங்கியிருந்தால் காரணம். வேலை செய்தவர் பெயருக்குப் பத்தி கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பெயர் இருந்தால் யாராவது ஒரு நாள் அதை வைத்து வரிசைப்படுத்திப் பார்ப்பார்கள்.

சுத்தம் செய்யும்போது நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஒரே தேதியில் கும்பலாக மூடிய டிக்கெட்கள். ஸ்பிரிண்ட்டின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை யாரோ டிக்கெட்களை நிலைவாரியாகக் காட்டும் போர்டைத் துடைத்திருப்பார்கள். அவற்றின் உண்மையான தேதி ரிலீஸ் பதிவிலோ கோட் சேர்த்த பதிவிலோ கிடைக்கும்.

இரண்டு, மூடித் திரும்பத் திறந்தவை. கருவி பல நேரம் கடைசியாக மூடிய தேதியைத்தான் காட்டும். நீங்கள் எதைக் கொள்கிறீர்கள் என்று முடிவு செய்து எல்லாவற்றுக்கும் அதையே கடைப்பிடியுங்கள். நாங்கள் கடைசித் தேதியை எடுக்கிறோம், ஏனென்றால் திரும்பி வந்த வேலை முடிந்த வேலை இல்லை.

மூன்று, ‘தேவையில்லை’ என்று மூடியவை. முடிந்த எண்ணிக்கையிலிருந்து அவற்றை எடுத்துவிடுங்கள்.

நான்கு, துணை டிக்கெட்கள். தாயையும் பிள்ளையையும் சேர்த்து எண்ணினால் ஒரே வேலை இரண்டு முறை கணக்கில் ஏறும்.

ஒரு டிக்கெட் எத்தனை வேலை நாள் எடுத்தது என்பதற்கு நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) சூத்திரத்தைப் போடுங்கள். அது தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்து எண்ணும். அதனால் ஒரே நாளில் தொடங்கி முடிந்தது 0 ஆகாது, 1 ஆகும். விடுமுறைப் பட்டியலையும் அதில் கொடுத்தால் அந்த நாட்களைக் கழித்துவிடும்.

3. நடுவில் வந்த வேலையைத் தனியாகப் பிரியுங்கள்

இந்தப் படியில்தான் எங்களுக்குக் கண் திறந்தது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திட்டக் கூட்டத்தில் இல்லாமல் ஸ்பிரிண்ட்டின் நடுவே நுழைந்த ஒவ்வொரு டிக்கெட்டையும் குறியுங்கள். பக் (மென்பொருள் பிழை), சப்போர்ட் போன், ‘இதை மட்டும் இன்னைக்கே’ என்ற வேண்டுகோள், எல்லாம். முடிந்த வேலையில் அவற்றின் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டுக்கும் போடுங்கள்.

பல குழுக்களில் இந்த எண் முதலில் மிகக் குறைவாகத் தெரியும். காரணம், போனில் வந்த வேலைக்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை. "தம்பி, எடை ஏறுது, பில் வரல" என்று கணக்கப்பிள்ளை காலையில் கூப்பிடுவார். சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும், பழைய வேலைக்கு மனதைத் திருப்ப இன்னும் அரை மணி. எந்தப் பதிவிலும் அது இருக்காது. பழையதைத் தோண்டி எடுக்க முடியாது. இன்றிலிருந்து ஒரு வரி எழுதுங்கள்: தேதி, என்ன, எவ்வளவு நேரம். இரண்டு ஸ்பிரிண்ட் எழுதினால் உருவம் தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த வரிகளைக் கிழமை வாரியாக எண்ணுங்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். எங்கள் போன்கள் செவ்வாயிலும் வியாழனிலும் குவிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வந்த மீனின் கணக்குச் சிக்கல் திங்கட்கிழமை எங்கள் தலையில் விழுந்தது. இது அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான், மீன் நாளில் போன் வரும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் திட்டக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் வைத்திருந்தோம். பாதிப் பேர் போனோடு வெளியே நிற்க மீதிப் பேர் திட்டம் போட்டோம். கிழமைக் கணக்கைப் பார்த்தபின் கூட்டத்தை வெள்ளிக்கு மாற்றினோம்.

பருவத்தைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போய்வரும், ஆனாலும் எங்கள் வியாபாரிகளின் பில் எண்ணிக்கை சரிந்துவிடும், போனும் குறையும். முதல் முறை நான் செய்த பெரிய தவறு இங்கேதான். தடைக்கால ஸ்பிரிண்ட்களில் வேலை வேகமாக முடிந்ததைப் பார்த்து, அதே வேகத்தை ஜூலைக்கும் வைத்துத் திட்டம் போட்டேன். ஜூன் 15க்குப் பிறகு படகுகள் இறங்கின, தடைக்காலத்தில் நாங்கள் மாற்றியிருந்த ஏலத் திரையை எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கினார்கள், இரண்டு ஸ்பிரிண்ட் முழுக்கச் சப்போர்ட்டிலேயே போனது. வியாபாரிகளுக்குக் கொடுத்த வாக்குத் தவறியது. குழு சோர்ந்துபோனதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம். கணக்கு பொய் சொல்லவில்லை. எந்தப் பருவத்தின் கணக்கு என்று நான் பார்க்கவில்லை.

உங்கள் குழுவுக்கு மீன்பிடித் தடை இல்லாமல் இருக்கலாம். பள்ளிச் சேர்க்கை இருக்கும், மார்ச் மாத வரிக் கணக்கு இருக்கும், வடகிழக்குப் பருவமழை மின்வெட்டு இருக்கும். ஷீட்டில் ‘பருவம்’ என்று ஒரு பத்தி சேர்த்து, ஒப்பிடும்போது ஒரே பருவத்து ஸ்பிரிண்ட்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கடைசியாக, ஒதுக்கீடு. நடுவில் வரும் வேலைக்காக எவ்வளவு இடம் விடுவது? சராசரியை எடுக்காதீர்கள், பாதி ஸ்பிரிண்ட்களில் அது பற்றாது. பருவத்துக்குப் பொருந்தும் ஸ்பிரிண்ட்களை வரிசைப்படுத்தி, மிக அதிகமானதை விட்டு அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கும் பொறுப்பை நாளுக்கு ஒருவர் என்று சுழற்றுங்கள். அவருக்கு அன்று ஸ்பிரிண்ட் டிக்கெட்டில் கெடு கிடையாது. ஒருவரின் கவனம் உடைவதும் ஆறு பேரின் கவனம் உடைவதும் ஒன்றல்ல.

4. தொங்கியவற்றின் காரணத்தைப் படியுங்கள்

ஒரு ஸ்பிரிண்ட்டில் எடுத்து அடுத்ததில் முடிந்த ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரே ஒரு காரணச் சொல் எழுதுங்கள். எங்களுக்கு ஐந்து சொற்கள் போதுமானதாக இருந்தன: காத்திருப்பு, பெரிதானது, தெளிவின்மை, குறுக்கீடு, ரிவ்யூ. இரண்டு காரணம் இருந்தால் முதலில் நடந்ததை எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வைத்தால் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிதறி எதுவும் புலப்படாது.

எங்களுக்கு முதலில் வந்தது காத்திருப்பு. பில் அமைப்பை மாற்றச் சொல்லும் வியாபாரியிடமிருந்து மாதிரிப் பில் வர நாள் கணக்கில் ஆகும். அதற்குள் டிக்கெட் ‘வேலை நடக்கிறது’ வரிசையில் உட்கார்ந்திருக்கும். உண்மையில் ஒன்றும் நடக்காது. இப்போது மாதிரிப் பில் கையில் இல்லாத டிக்கெட் திட்டக் கூட்டத்துக்கே வருவதில்லை. நாங்கள் செய்த மாற்றங்களில் மிகச் சிறியது இது, மிக அதிகம் பலன் தந்ததும் இதுதான்.

ரிவ்யூவுக்காகக் காத்திருந்த நாட்களையும் தனியாகப் பாருங்கள். கோட் ஒரு நாளில் எழுதி, ரிவ்யூவுக்கு மூன்று நாள் கிடப்பது பல குழுக்களில் உண்டு. அங்கே ஆள் சேர்த்தாலும் வேகம் கூடாது. காலையில் புது வேலை தொடுவதற்கு முன் மற்றவரின் ரிவ்யூவை முடிக்கும் பழக்கம்தான் கூட்டும்.

ஒரு தவறைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். வேலை எவ்வளவு பெரியது என்று குழு முன்கூட்டியே மதிப்பிட்டுப் போடும் எண்ணைப் பாயின்ட் என்போம். 8 பாயின்ட் டிக்கெட் தொங்கும்போது, "பாதி முடிஞ்சது, 4 இந்த ஸ்பிரிண்ட்ல போட்டுக்கலாம்" என்பார்கள். போடாதீர்கள். முடியாததற்கு மதிப்பு 0. பாதி மதிப்புக் கொடுக்கும் குழுவில் எல்லாமே எப்போதும் பாதி முடிந்திருக்கும், தொங்கல் மட்டும் கணக்கில் தெரியாது.

5. பாயின்டா எண்ணிக்கையா என்று சோதித்துப் பாருங்கள்

வாதம் செய்ய வேண்டாம், பத்து நிமிடச் சோதனை போதும். 2 பாயின்ட் டிக்கெட்களை ஒரு பக்கம், 3, 5, 8 ஆகியவற்றைத் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்த நாட்களை வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பாருங்கள். பாயின்ட் ஏற ஏற நாளும் ஏறினால் பாயின்ட்டையே தொடருங்கள். 3க்கும் 5க்கும் நாட்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், பாயின்ட் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. முடிந்த டிக்கெட் எண்ணிக்கையைப் பயன்படுத்துங்கள். எங்களிடம் 8 மட்டும்தான் வேறாக இருந்தது. அதனால் 8 வந்தால் உடைக்கிறோம், மற்றவற்றை எண்ணுகிறோம்.

எதை எடுத்தாலும் அதை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடாதீர்கள். ஒரு குழுவின் 5 இன்னொரு குழுவின் 5 ஆகாது.

6. அடுத்த ஸ்பிரிண்ட்டின் ஆள்-நாள் போடுங்கள்

ஆறு பேர், பத்து வேலை நாள்: 60 ஆள்-நாள். இதிலிருந்து விடுப்பை மட்டும் கழியுங்கள்.

கூட்டம், மின்னஞ்சல், டீ என்று தனியாகக் கழிக்க வேண்டாம். புதியவர்கள் பெரும்பாலும் ‘ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம்தான் உண்மையான வேலை’ என்று பெருக்கிக் கழிப்பார்கள். பழைய ஸ்பிரிண்ட்களிலும் அதே கூட்டமும் டீயும் இருந்தன, முடிந்த எண்ணிக்கையில் அந்த இழப்பு ஏற்கனவே அடங்கியிருக்கிறது. மறுபடி கழித்தால் இரட்டைக் கழிவு.

விடுப்பைக் கேட்கும்போது காலண்டரை மட்டும் நம்பாமல் ஆட்களைக் கேளுங்கள். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ராமேஸ்வரம் சாலை எப்படி இருக்கும் என்று பாம்பனிலிருந்து வரும் தம்பிக்குத்தான் தெரியும். கீழக்கரை அக்காவுக்கு ரம்ஜானின் கடைசிப் பத்து நாள் எப்படிப் போகும், தங்கச்சிமடம் நண்பர் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறாரா, ஏர்வாடி சந்தனக்கூடு எந்த ஸ்பிரிண்ட்டில் விழுகிறது, இவற்றை முன்கூட்டியே எழுதிவைத்தால் யாரும் கடைசி நேரத்தில் கூசிக் கூசி விடுப்புக் கேட்க வேண்டியதில்லை.

7. ஒரே எண்ணுக்குப் பதில் வரம்பைக் கண்டுபிடியுங்கள்

விளக்கத்துக்காக எட்டு ஸ்பிரிண்ட்களில் முடிந்த திட்ட டிக்கெட்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 9, 12, 7, 11, 10, 6, 11, 8. கூட்டினால் 74, சராசரி 9.25.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்று 9 டிக்கெட் எடுப்பார்கள், கொஞ்சம் தைரியமானவர்கள் 10. வரிசைப்படுத்திப் பாருங்கள்: 6, 7, 8, 9, 10, 11, 11, 12. பத்தோ அதற்கு மேலோ முடிந்தது எட்டில் நான்கு முறைதான். பத்து எடுத்தால் ஒன்றுவிட்டு ஒரு ஸ்பிரிண்ட் தோற்கும். ஏழோ அதற்கு மேலோ முடிந்தது எட்டில் ஏழு முறை.

எனவே திட்டத்தை இரண்டு பகுதியாக்குங்கள். 7 டிக்கெட் உறுதி: வியாபாரியிடம் தேதி சொல்லலாம். அதற்கடுத்த 3 வரிசையில் நிற்கும்: நேரம் இருந்தால் மேலிருந்து எடுப்போம், யாரிடமும் வாக்குக் கொடுக்க மாட்டோம். இந்தக் கோட்டைப் போடாமல் பத்தையும் ஒரே பட்டியலில் வைத்தால், எளிதானது முதலில் முடிந்து அவசியமானது தொங்கும்.

ஆள்-நாள் மாறினால் இந்த எண்ணும் மாறும். அந்த எட்டு ஸ்பிரிண்ட்களிலும் சுமார் 55 ஆள்-நாள் இருந்து, வரப்போவதில் 44 மட்டும் என்றால் அது 80 சதவீதம். 7க்கு 80 சதவீதம் 5.6, கீழே இறக்கி 5.

நான்கு ஸ்பிரிண்ட் சேர்ந்த ஒரு ரிலீஸுக்குத் தேதி சொல்ல வேண்டியிருந்தால் கணக்கு வேறு. 7ஐ நான்கால் பெருக்கி 28 என்று சொல்லாதீர்கள், அது தேவையில்லாத பயம். மோசமான ஸ்பிரிண்ட்கள் நான்கும் அடுத்தடுத்து வருவது அபூர்வம். சராசரியைப் பெருக்கி 37 என்றும் சொல்லாதீர்கள், அது பாதிக்குப் பாதி வாய்ப்பு. செய்ய வேண்டியது இது: ஷீட்டில் ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN), இண்டெக்ஸ் (INDEX) சூத்திரங்கள் இரண்டையும் சேர்த்து, எட்டு எண்களிலிருந்து குருட்டாம்போக்கில் ஒன்றை எடுக்கும் கட்டம் ஒன்று. அப்படி நான்கு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஐந்தாவதில் கூட்டல். இதை ஆயிரம் வரிகளுக்கு இழுங்கள். கூட்டல் பத்தியைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி மேலிருந்து 150ஆவது வரியைப் பாருங்கள். இந்த எட்டு எண்களோடு அது 33க்கு அருகில் வரும். அதாவது 33 டிக்கெட் வரை சொன்னால் நூற்றுக்கு 85 வாய்ப்பு.

ஷீட்டில் எங்கே கை வைத்தாலும் அந்தக் கட்டங்கள் புது எண் போட்டுக்கொள்ளும். அதனால் வரிசைப்படுத்துமுன் மதிப்பாக மட்டும் வேறு பத்தியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், மூன்றாவது படியை மறக்க வேண்டாம்: ரிலீஸ் ஜூன் 15ஐத் தாண்டிப் போகிறதென்றால், அதற்குப் பிந்தைய ஸ்பிரிண்ட்களுக்குத் தடைக்கால எண்களிலிருந்து எடுக்கக்கூடாது.

8. கூட்டத்தில் எண்ணைக் கடைசியில் காட்டுங்கள்

திட்டக் கூட்டத்தின் வரிசை எங்களிடம் இப்படி. முதலில் இந்த ஸ்பிரிண்ட்டின் நோக்கம் ஒரு வாக்கியத்தில். அடுத்து டிக்கெட்களை முக்கியத்துவப்படி அடுக்குவது. பிறகு எத்தனை முடியும் என்று ஒவ்வொருவரும் தனித்தாளில் எழுதுவது. அதன்பின்தான் கணக்கு சொல்லும் எண் திரையில் வரும்.

எண்ணை முதலில் காட்டினால் எல்லாரும் அதைச் சுற்றியே பேசுவார்கள். "இந்த ஏழில் இரண்டு, பழைய எடைமேடை இணைப்பைத் தொடும் வேலை, அதில் கை வைத்தாலே ஒரு வாரம் போகும்" என்று தெரிந்தவர்கூட வாயை மூடிக்கொள்வார். குழுவின் மனக்கணக்கும் ஷீட்டின் கணக்கும் விலகும் இடத்தில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் கூட்டத்தை முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

"வாக்குக் கொடுத்தாச்சு தம்பி, இதையும் சேர்த்துக்கங்க" என்று மேலிருந்து வரும். எதிர்த்துப் பேச வேண்டாம். பட்டியலைத் திரையில் வைத்து, "சரிண்ணே, இந்த ஏழில் எதை எடுக்கலாம்?" என்று கேளுங்கள். கணக்கு கையில் இல்லாத காலத்தில் இந்தக் கேள்வியை என்னால் கேட்க முடிந்ததில்லை. இப்போது கேட்டால், பெரும்பாலும் அவரே ஒன்றை எடுக்கிறார்.

9. ஸ்பிரிண்ட் ஓடும்போது டிக்கெட்டின் வயதைப் பாருங்கள்

இரண்டாவது படியில் எடுத்த நாட்களை வரிசைப்படுத்தி, 85 சதவீத டிக்கெட்கள் எத்தனை நாளுக்குள் முடிந்தன என்று பாருங்கள். பெர்சென்டைல் (PERCENTILE) சூத்திரம் அதைத் தரும். 6 நாள் என்று வந்தால், போர்டில் நான்கு நாளைத் தாண்டிய டிக்கெட்டைப் பற்றி ஸ்டாண்ட்-அப்பில் (தினமும் நடக்கும் சிறு கூட்டம்) முதலில் பேசுங்கள். "நேத்து என்ன செஞ்சீங்க" என்று வரிசையாக ஆளைக் கேட்பதற்குப் பதில் வயதான டிக்கெட்டைக் கேட்பதால் யாரும் விசாரணைக் கூண்டில் நிற்பதுபோல் உணர மாட்டார்கள்.

முதல் நாளே எல்லாவற்றையும் திறந்துவைப்பதும் ஒரு பெரிய தவறு. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: கையில் உள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளுக்கு முடியும் சராசரி எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலை எடுக்கும் சராசரி நாள் கிடைக்கும். ஆறு பேர் ஆளுக்கு இரண்டாக 12 டிக்கெட் திறந்து வைத்து, நாளுக்கு ஒன்று முடிந்தால், ஒரு டிக்கெட்டுக்கு 12 வேலை நாள். ஸ்பிரிண்ட்டே 10 நாள்தான். திறப்பதை 6 ஆகக் குறைத்து, அதே வேகத்தில் முடித்தால் 6 நாள். யாரும் கூடுதல் நேரம் உட்காரவில்லை, வேலை மட்டும் சீக்கிரம் வெளியே போகிறது.

10. முடிந்தபின் ஒரு வரி எழுதி, ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ரெட்ரோவின் (ஸ்பிரிண்ட் முடிந்தபின் அதைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) தொடக்கத்தில் ஷீட்டில் ஒரு வரி: உறுதி சொன்னது எத்தனை, முடிந்தது எத்தனை, நடுவில் வந்தது எத்தனை, ஆள்-நாள் எத்தனை, பருவம் எது. இருபது நிமிடத்துக்கு மேல் இதில் செலவிட வேண்டாம்.

ஒரு ஸ்பிரிண்ட்டில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். மாதிரிப் பில் விதியையும் போன் சுழற்சியையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தால், எண் மாறியது எதனால் என்று பிறகு பிரித்தறிய முடியாது. மாற்றியபின் மூன்று ஸ்பிரிண்ட்டாவது பொறுங்கள். 6க்கும் 12க்கும் இடையே ஆடும் எண், ஒரு முறை 11 வந்ததாலேயே உயர்ந்துவிட்டது என்று ஆகாது.

உறுதி சொன்னது தொடர்ந்து முழுதாக முடிகிறது, வரிசையில் நின்றதும் முடிகிறது என்றால் கணக்கைப் புதிதாக எடுக்கும் நேரம் வந்துவிட்டது. பழைய வரிகளை விட்டுவிட்டுக் கடைசி எட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தடைக்கால வரிகளை மட்டும் நாங்கள் அழிப்பதில்லை. அவற்றைத் தனித் தாளில் வைத்திருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரத் திட்டக் கூட்டத்தில் அந்தத் தாளைத் திறப்போம். போன் ஓய்ந்திருக்கும் அந்த 61 நாளில் ஏலத் திரை போன்ற பெரிய மாற்றங்களை எடுத்து, ஜூன் 14க்கு ஒரு ஸ்பிரிண்ட் முன்பே நிறுத்திவிடுவோம். அந்தக் கடைசி ஸ்பிரிண்ட்டில் புது வேலை எதுவும் கிடையாது. வியாபாரிகளின் கடைக்கு நேரில் போய், கணக்கப்பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து புதிய திரையில் நூறு பில் போட்டுப் பார்க்கிறோம்.